யாளியிடம் திறப்புக் கேட்பது எப்படி

செந்தூரன் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தபோது மதியம் பன்னிரண்டரை. காலையில் அச்சிலிருந்து இறக்கிய சீமெந்துக் கற்கள் வளவு முழுக்க வரிசை வரிசையாக ஈரத்தோடு நின்றன. மடியில் சோற்றுப் பெட்டி திறந்தபடி கிடந்தது. மீன்துண்டில் இலையான் மொய்த்ததை அவன் கவனிக்கவில்லை. புத்தகத்தை மூடினான். மூடின கையோடு திரும்பவும் திறந்து கடைசிப் பந்தியை இன்னொருமுறை வாசித்தான். பிறகு வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிறிஸ்துநாயகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"மச்சான், அந்த யாளி ஏன்ரா அழுதது?"

கிறிஸ்துநாயகம் அவனோடு பதினொரு வருசமாகச் சீமெந்துக் கல்லரிகிறவன். கலவையில் தண்ணீர் ஒரு பேணி கூடினாலும் மண்வெட்டி பிடித்த கையிலேயே தெரிந்துவிடும் அவனுக்கு. புத்தகம் என்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோன சங்கதி. சோற்றைக் குழைத்துக்கொண்டு யோசித்தான்.

"எந்த யாளி?"

"கோயில் தூணிலை நிக்குமே, சிங்கத்தலையும் ஆனைத் துதிக்கையுமா. இந்தக் கதையிலை அது உயிரோடை நிக்குது."

"எத்தினை அந்தர் பாரம் வரும்?"

"உனக்கு அதே முக்கியம்?"

"கேட்டதுக்குச் சொல்லன். கல்லாலை செய்ததெண்டால் பத்துப் பதினைஞ்சு அந்தர் வரும். அது அழுதால் என்ன, சிரிச்சால் என்ன, தூக்கிறவன் பாடு பாடுதான்."

அதற்கு மேல் கிறிஸ்துநாயகத்திடம் கேட்டுப் பயனில்லை என்று செந்தூரனுக்குத் தெரியும். பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவி தயாளினியிடம் கேட்டான். அவள் புட்டு அவித்துக்கொண்டு, "அழுகிறதுக்கு இஞ்சை ஆக்கள் காணாதெண்டே யாளியையும் கூப்பிடுறியள்?" என்றாள். மகள் வித்தியாவிடம் போனான். புத்தகமே அவளுடையதுதான். பிறந்தநாளுக்குச் சென்னையிலிருந்து மாமி கொண்டுவந்து கொடுத்தது. 'யாளியின் மூன்றாம் கதவு' என்று பெயர். அட்டையில் ஒரு மூலையில் 'பதின்வயதினருக்கான மாயப் புனைவு' என்று பொன்னிற எழுத்து. வித்தியா கணக்குக் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஐயோ அப்பா, அதை நான் போன வருசமே வாசிச்சு முடிச்சிட்டன். எல்லாம் மறந்து போச்சு. எனக்கு நாளைக்குச் சோதினை."

ஒரு மனிதனுக்கு இடுப்பு நாரி உளைந்து நொந்தால் அதைச் சொல்ல நாலு பேர் அகப்படுவார்கள். வெயிலைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, மழை வராததைப் பற்றிக் கதைக்க ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. உலகத்தில் இல்லாத ஒரு யாளி ஏன் அழுதது என்று கதைக்க ஒரு குருவி கிடையாது. செந்தூரனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு ஆள். அந்தப் புத்தகத்தைத் தன்னைப் போல முழுதாக வாசித்துவிட்டு, எதிரில் இருந்து மறுத்துக் கதைக்க ஒரு ஆள். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. வாசகர் வட்டத்தில் எழுந்து நின்று பேசவேண்டும்.

அளவெட்டியில் அவர்களுடைய சனசமூக நிலையத்தில் மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வாசகர் வட்டம் கூடும். பதினொரு பேர். செந்தூரன் அதற்குள் போனது வாசலால் அல்ல, நிலத்தால். போன வருசம் நிலையத்தின் நிலம் வெடித்துப்போயிருந்தபோது சீமெந்து பூச வந்தவன், புத்தக அலுமாரியை நகர்த்துகிறேன் என்று ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தவன், அரைமணி நேரம் அப்படியே குந்திவிட்டான். நிலையத்துக்குப் பொறுப்பான பியாட்றிஸ் ரீச்சர் பின்னால் வந்து நின்றதைக்கூடக் காணவில்லை. "நீர் வேலை செய்ய வந்தனீரோ, வாசிக்க வந்தனீரோ?" என்று ரீச்சர் கேட்க, "இப்ப தேத்தண்ணி நேரம் ரீச்சர்" என்றான். மிசன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருசம் இங்கிலீசு படிப்பித்த மனுசிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அடுத்த மாதமே கதிரை போட்டு இருத்திவிட்டார்.

பதின்நாலு மாதமாக அந்தக் கதிரையில் இருந்து கேட்டிருக்கிறான். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்கவேண்டும். பதினைந்து நிமிடம். பிறகு கை உயர்த்துவார்கள். ஆறு கை விழுந்தால் அந்தப் புத்தகம் முறை வைத்து வீடு வீடாகப் போகும், ஆளுக்கு நாலு நாள். விழாவிட்டால் சண்முகநாதன் மாஸ்டர் கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருக்கும் கட்டுரைத் தொகுப்புத்தான் அடுத்த மாதத்துக்கு. அது ஐந்நூற்று அறுபது பக்கம். மூன்று மாதமாக வட்டம் அதிலிருந்து எப்படியோ தப்பிக்கொண்டிருந்தது.

செந்தூரனின் முறை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் "அடுத்தமுறை பாப்பம்" என்று தட்டிக் கழித்தான். மூன்றாம் முறைக்கு ரீச்சர் பெயர் எழுதும்போது, "எழுதுங்கோ. என்னட்டை ஒண்டு இருக்கு" என்றான்.

*

ஞாயிறு பின்னேரம் கிணற்றடியில் நின்று இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் நகக்கண்ணில் சீமெந்து போகவில்லை. போகாது. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனான். சொல்லவேண்டியதைச் சீமெந்துப் பையின் உள்தாளைக் கிழித்து அதில் பென்சிலால் எழுதி மடித்து வைத்திருந்தான். அடுத்த ஒழுங்கையில் யாரோ நாதஸ்வரத்தில் ஒரே வரியை ஊதுவதும் பிழைப்பதும் திரும்ப ஊதுவதுமாக இருந்தார்கள்.

ரீச்சர் மேசை மணியைத் தட்டினார். "இண்டைக்குச் செந்தூரன்."

அவன் எழுந்தான். மடித்த தாளை விரித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் சொல்லப்போற புத்தகம் 'யாளியின் மூன்றாம் கதவு.' இது பிள்ளையளுக்கு எழுதினது எண்டு அட்டையிலை கிடக்கு. நான் பிள்ளை இல்லை. எண்டாலும் வாசிச்சன்."

முன்வரிசையில் சண்முகநாதன் மாஸ்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தோட்டக்காரக் குடும்பம். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிப் பாய்ச்சிவிட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்திலும் வேட்டியில் மடிப்புக் கலையாதவர். ஒரு எழுத்துப் பிழையைக் கண்டால் கல்யாணக் கடிதத்தையும் திருப்பிக் கொடுக்கிறவர்.

"யாளியோ? கோயில் யாளியோ?"

"ஓம் மாஸ்டர்."

"பறக்குமோ?"

"இல்லை. நிண்ட இடத்திலை நிக்கும்."

"அதுவரைக்கும் சந்தோசம்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. செந்தூரன் புத்தகத்தை மேசையில் வைத்தான். தபாற்கந்தோரில் வேலை செய்யும் உதயகலா எட்டி எடுத்துப் புரட்டத் தொடங்கினாள்.

"கதை இதுதான்," என்றான் செந்தூரன். "உப்பளத்திலை உப்புச் சுமக்கிற ஒரு பெட்டை. பேர் அலரி. அவையின்ரை ஊருக்கு நல்ல தண்ணி வாற வாய்க்காலை மூண்டு கதவு மறிச்சுக்கொண்டு நிக்குது. ரெண்டைத் திறந்திட்டினம். மூண்டாம் கதவின்ரை திறப்பு யாளியின்ரை கையிலை. திறப்பெண்டால் இந்தச் சென்னைப் புத்தகத்திலை சாவி எண்டு போட்டிருக்கு. யாளி சொல்லும், என்ரை கையிலை இருக்கிறதை ஒரே ஒரு சொல்லாலை சுட்டிக் கேள், தாறன் எண்டு. ராசாவின்ரை புலவர்மார் வருவினம். ஒராள் 'இதைத் தா' எண்டுவார். இது எண்டால் உன்ரை கையிலையெல்லோ இருக்கவேணும் எண்டு யாளி சொல்லும். மற்றாள் 'அதைத் தா' எண்டுவார். அது எண்டால் எங்கையோ தூரத்திலை கிடக்கிறது, என்ரை கையிலை இருக்கிறது இல்லை எண்டு சொல்லும். இப்பிடி ஆயிரம் வருசம். கடைசியிலை இந்தப் பெட்டை போய் 'உதைத் தா' எண்டு கேக்க, உது எண்டால் முன்னாலை நிக்கிற ஆளின்ரை கையிலை இருக்கிறதெல்லோ, யாளி குடுத்திடும். அதிலை எனக்குப் பிடிச்சது என்னெண்டால்—"

"அண்ணை, பொறுங்கோ, பொறுங்கோ." உதயகலா கையை உயர்த்தினாள். மற்றக் கையில் புத்தகம் பின்னட்டை தெரியத் திரும்பியிருந்தது. "இதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிக்கிறன், கேளுங்கோ. 'ஆயிரம் ஆண்டுகளாக எவரும் உச்சரிக்காத அந்த ஒற்றைச் சொல் எது? கடைசி அத்தியாயம் வரை உங்களை உறங்கவிடாத மர்மம்!'"

உதயகலா புத்தகத்தைத் தாழ்த்தினாள்.

"நீங்கள் அந்த மர்மத்தை ரெண்டாம் நிமிசத்திலை போட்டு உடைச்சிட்டியள் அண்ணை."

செந்தூரன் அவளைப் பார்த்தான். "அது மர்மமே?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் எல்லோரையும் உருட்டிவிட்டது. ஓட்டோ ஓடுகிற செபமாலை கதிரையோடு சேர்ந்து ஆடினார். ரீச்சர் லேஞ்சித் துணியால் வாயை மூடினார்.

"முப்பத்தோராம் பக்கத்திலை யாளி கேக்குது," என்றான் செந்தூரன். காது சுட்டது. "உதைத் தா எண்டால் முடிஞ்சுது. எங்கடை வீட்டிலை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுறம். உந்த உப்பை எடு, உந்தக் கதவைச் சாத்து எண்டு. நான் நினைச்சன், அந்தப் புலவர்மார் விசரர் எண்டு காட்டத்தான் எழுதியிருக்கினம் எண்டு. முந்நூறு பக்கமும் சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சன்."

"ஆள் மர்மக்கதையைப் பகிடிக்கதை எண்டெல்லோ வாசிச்சிருக்கு!" செபமாலை கண்ணைத் துடைத்தார்.

பியாட்றிஸ் ரீச்சர் மணியைத் தட்டினார். "உதிலை செந்தூரனிலை பிழை இல்லை. அங்கை உந்தச் சொல்லு புழக்கத்திலை இல்லை. என்ரை தங்கச்சி சென்னையிலை இருக்கிறாள். நான் அங்கை போய் பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டை 'உங்கை என்ன செய்யிறாய்?' எண்டு கேட்டன். அது பேசாமல் என்னையே பாத்துக்கொண்டு நிண்டுது. நான் 'உங்கள்' எண்டு தொடங்கி மிச்சத்தை மறந்துபோனன் எண்டு நினைச்சிருக்கு. பாவம், மிச்சத்துக்குக் காத்துக்கொண்டு நிண்டது."

திரும்பவும் சிரிப்பு. செந்தூரனும் சிரித்தான், ஆனால் உள்ளுக்குள் ஏதோ இறங்கிவிட்டது. அச்சைக் கவிழ்த்துத் தூக்கும்போது கல்லின் ஒரு மூலை பொலபொலவென்று உதிருமே, அதுபோல. இனி யார் வாசிப்பார்கள்? முடிச்சு அவிழ்ந்த கதையை யாரும் நாலு நாள் வீட்டில் வைத்திருப்பார்களா? சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். யாளியின் கண்ணீர் அவனோடேயே கிடக்கும்.

"என்ரை பிழைதான்," என்றான். "விடுவம்."

உதயகலா புத்தகத்தை நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்காரப் போனான்.

"இருக்காதையும்," என்றார் மாஸ்டர். "எனக்கு மர்மம் முக்கியமில்லை. யாளி, மந்திரக் கதவு, கதைக்கிற கல்லு... இதெல்லாம் பத்து வயசிலை கேட்டிட்டம். அறுபத்தெட்டு வயசிலை ஒரு மனிசன் நாலு நாளைச் செலவழிக்கவேணுமெண்டால் ஒரு நியாயம் வேணும். உதிலை உண்மையெண்டு சொல்ல என்ன இருக்கு? சொல்லும்."

"மாஸ்டர்!" உதயகலா கை தட்டினாள். "நீங்களும் 'உதிலை' எண்டிட்டியள், கதவு திறந்திட்டுது!"

மாஸ்டருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு செந்தூரனின் கையிலிருந்த புத்தகத்தையும் அதை நோக்கி நீண்டிருந்த தன் விரலையும் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார். உதட்டோரம் ஒரு பக்கம் அசைந்ததை அவரால் தடுக்க முடியவில்லை. "சரி, சரி. கேட்டதுக்குப் பதிலைச் சொல்லட்டும்."

செந்தூரன் சீமெந்துத் தாளைப் பார்த்தான். மாஸ்டர் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. மடித்துப் பொக்கற்றில் வைத்தான்.

"குதிக்கால் உண்மை," என்றான்.

"என்ன?"

"அந்தப் பெட்டையின்ரை குதிக்கால். உப்புத் தண்ணியிலை நிண்டு நிண்டு வெடிச்ச காலோடை அவள் பாதத்தின்ரை வெளிப்பக்கத்தாலை நடப்பாள். உள்பக்கம் நிலத்திலை பட்டால் உயிர் போகும். புத்தகத்திலை ஒரு இடத்திலைதான் சொல்லியிருக்கு, அதுவும் அரை வரி. ஆனால் பிறகு அவளின்ரை செருப்புத் தேயேக்கை வெளிப்பக்கம்தான் தேயுது. எழுதினவருக்கு அது நினைவிருக்கு. சீமெந்து தின்ற காலும் அப்பிடித்தான். என்ரை செருப்பைப் பாருங்கோ."

வாசலில் கிடந்த செருப்புகளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதினொரு சோடி. எது அவனுடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அப்ப எல்லாம் உண்மையோ?" மாஸ்டர் விடவில்லை.

"இல்லை. நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்திலை ஒரு பொய் கிடக்கு."

"ஒண்டே ஒண்டோ?" செபமாலை கேட்டார். "முழு யாளியே பொய்யெல்லோ?"

"யாளியை நான் காணேல்லை, அண்ணை. காணாததைப் பொய்யெண்டு என்னண்டு சொல்லுறது? கழுத்து எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலை அலரி தலையிலை உப்பு மூட்டையோடை போறாள். பின்னாலை ஒருத்தன் கூப்பிடுறான். அவள் கழுத்தைத் திருப்பிப் பாத்துச் சிரிக்கிறாளாம். தலையிலை பாரம் இருக்கிற ஆள் கழுத்தைத் திருப்பமாட்டுது. திருப்பினால் முறிஞ்சிடும். காலை மாத்தி முழு உடம்பையும் திருப்பவேணும். சிரிப்பெல்லாம் பிறகு. நான் அந்த இடத்திலை புத்தகத்தை மூடி வைச்சிட்டன். ரெண்டு நாள் தொடேல்லை."

"அப்பிடியோ?" மாஸ்டரின் குரலில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் தட்டியது. பிழை பிடிக்கிற மனிசனுக்கு இன்னொரு பிழை பிடிக்கிறவனைக் கண்டால் வருகிற சந்தேகம் அது. "நானும் வெங்காயக் கட்டுச் சுமந்தனான். ஓரளவுக்குத் திருப்பலாம்."

"கதையாலை வேண்டாம்," என்றார் ரீச்சர். "செய்து பாப்பம்."

மூலையில் பழைய பேப்பர்கள் கட்டிக் கிடந்தன. நாலு கட்டைச் சேர்த்துக் கயிறு போட்டார்கள். செபமாலை துவாயைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, "விழுந்தால் ஆசுப்பத்திரிக்கு என்ரை ஓட்டோவிலேயே ஏத்துங்கோ" என்று குந்தினார். செந்தூரனும் இன்னொருவரும் தூக்கி வைத்தார்கள். செபமாலை பல்லைக் கடித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். அவர் ஐந்தாம் அடி வைத்ததும் ரீச்சர் பின்னால் நின்று, வகுப்பில் கூப்பிடுகிற குரலில், "மிஸ்டர் செபமாலை!" என்றார்.

செபமாலையின் கழுத்து அசையவில்லை. வலது கால் திரும்பியது, பிறகு இடது கால், பிறகு இடுப்பு. கப்பல் திரும்புகிற மாதிரி முழு மனிதரும் மெல்லச் சுற்றி அவர்களைப் பார்த்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இறக்குங்கோடாப்பா!" என்றார்.

இறக்கினார்கள். மாஸ்டர் எழுந்து புத்தகத்தை வாங்கி நூற்றிப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடி எடுத்து நின்ற நிலையில் வாசித்தார். பிறகு அடுத்த பக்கத்தையும் வாசித்தார். அதற்கு அடுத்ததையும் புரட்டியபோது ரீச்சர் மணியைத் தட்டினார்.

"பதினைஞ்சு நிமிசம் முடிஞ்சு பத்து நிமிசம் ஆச்சு. செந்தூரன், கடைசியா ஒண்டு. யாளி திறப்பைக் குடுத்த பிறகு என்ன நடக்குது?"

செந்தூரன் வாயைத் திறந்தான். மூடினான்.

"அது சொல்லமாட்டன் ரீச்சர். ஒண்டை உடைச்சது காணும்."

கை உயர்த்தச் சொன்னார்கள். உதயகலாவின் கை முதலில் போனது. செபமாலை கழுத்தைத் தடவிய கையை அப்படியே உயர்த்தினார். ரீச்சர் எண்ணினார். நாலு, ஐந்து. செந்தூரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் பூசிய நிலம், ஒரு வெடிப்பும் இல்லை. "ஆறு," என்று ரீச்சர் சொல்லித் தன் கையையே உயர்த்திக் காட்டினார்.

மாஸ்டரின் கை மடியில் இருந்தது. "நான் உயர்த்தேல்லை. எழுதி வையுங்கோ," என்றார். "ஆனால் முதல் ஆளா நான்தான் கொண்டு போறன். வாசிக்காமல் எதிர்த்தான் எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது."

புத்தகம் அவர் கக்கத்தில் ஏறிவிட்டது. ஐந்நூற்று அறுபது பக்கம் அலுமாரியில் நிம்மதியாகத் தூங்கப் போயிற்று.

*

திங்கள் போனது. செவ்வாயும் போனது. மாஸ்டர் வாசிப்பது குறைபிடிக்கத்தான் என்று செந்தூரனுக்குத் தெரியும். முப்பதாம் பக்கத்தோடு மூடிவிட்டு, 'வாசித்தேன், குப்பை' என்று ஒரு வரி எழுதி உதயகலாவிடம் கொடுத்துவிடக்கூடும். கொடுத்தால் என்ன, உதயகலா வாசிப்பாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். என்றாலும் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்ட போதெல்லாம் தலையைத் தூக்கினான்.

"ஆரையடா பாக்கிறாய்?" என்றான் கிறிஸ்துநாயகம்.

"மணல் வருதோ எண்டு."

"மணல் எப்பவடா சைக்கிளிலை வந்தது?"

புதன் காலை பத்தரை மணிக்கு வேலிப் படலை திறந்தது. சண்முகநாதன் மாஸ்டர் சைக்கிளை வேலியில் சாய்த்தார். வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டினார். கரியரிலிருந்து பேப்பரில் சுற்றிய புத்தகத்தை எடுத்தார். கலவைக் குவியலைச் சுற்றி, கால் வைக்கும் இடம் பார்த்துப் பார்த்து, கற்களின் வரிசைக்குள் வந்து நின்றார்.

"பதினேழு எழுத்துப் பிழை," என்றார். வணக்கம்கூட இல்லை. "அதிலை நாலு, ற போடவேண்டிய இடத்திலை ர. மன்னிக்கேலாது."

"ஓம் மாஸ்டர்." செந்தூரன் மண்வெட்டியை ஊன்றினான். முடிந்தது என்று நினைத்தான்.

"நூற்றிப் பன்னிரண்டு நீர் சொன்ன மாதிரித்தான். நேற்றுத் தோட்டத்துக்குப் போய் ஒரு கட்டுத் தூக்கிப் பாத்தன். வீட்டுக்காரி கூப்பிட்டவ. கழுத்துத் திரும்பேல்லை."

"தூக்கினியளோ? இந்த வயசிலையோ?"

"அதை விடும்." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஏதோ வீட்டு விசயம் கேட்கப்போகிறவர் போல. "செந்தூரன், அந்த யாளி... திறப்பைக் குடுத்தாப்பிறகு... ஏன் அழுதது?"

செந்தூரனின் கை மண்வெட்டிப் பிடியில் அப்படியே நின்றது. இத்தனை நாளாக நெஞ்சுக்குள் கிடந்து உருண்ட கேள்வி, மடிப்புக் கலையாத வேட்டியோடு எதிரில் வந்து நிற்கிறது.

"எனக்கொரு எண்ணம் இருக்கு," என்றார் மாஸ்டர். "ஆனால் உம்மடை வாயாலை முதல் கேக்கவேணும். ஆறுதலா இருந்து கதைப்பம்." சொல்லிக்கொண்டே பின்னால் ஒரு கையை நீட்டி, கண் பார்க்காமல், உட்காரக் குனிந்தார்.

"மாஸ்டர்! உதிலை இராதேங்கோ! பச்சைக் கல்லு!"

மாஸ்டர் பாதிக் குந்தலில் உறைந்தார். வேட்டிக்கும் கல்லுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. விடியற்காலை இறக்கிய கல். இருந்திருந்தால் கல்லும் போயிருக்கும், வேட்டியும் போயிருக்கும். முழங்காலை மடக்கி, கையை நீட்டி, கண்ணை விழித்து அப்படியே நின்றார். கோயில் தூணில் நிற்கிறதுபோலவே இருந்தது.

முதலில் சிரித்தது மாஸ்டர்தான். குனிந்த நிலையில் தொடங்கிய சிரிப்பு, நிமிர்ந்த பிறகும் நிற்கவில்லை. "ஒரு சொல்லு," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒரே ஒரு சொல்லு. என்ரை வேட்டி தப்பிச்சுது."

செந்தூரன் வாளியொன்றைக் கழுவிக் கவிழ்த்து வேப்ப மரத்தடியில் வைத்தான். மாஸ்டர் இருந்தார். செந்தூரன் மணலில் குந்தினான்.

"சொல்லும்."

"கை வெறுமையாப் போனதாலை அழுதது," என்றான் செந்தூரன். "ஆயிரம் வருசம் ஒரே வேலை. திறப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற வேலை. குடுத்தாப்பிறகு கையிலை ஒண்டும் இல்லை. நாரி முறிஞ்சு கிடந்த மாதம் நானும் அப்பிடித்தான் கையைப் பாத்துக்கொண்டு இருந்தனான். வேலை கஸ்டம்தான். இல்லாமல் போனால் அதைவிடக் கஸ்டம்."

மாஸ்டர் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு அழுத்தமாக ஆட்டினார், இல்லை என்று.

"பிழை. முழுப்பிழை. நான் சொல்லுறன், கேளும். இது எண்டு சொல்ல ஒரு ஆள் போதும். அது எண்டு சொல்லவும் ஒரு ஆள் காணும். தனியா நிண்டும் சொல்லலாம். உது எண்டு சொல்ல எதிரிலை ஒரு ஆள் வேணும். முப்பத்திநாலு வருசம் சுட்டெழுத்துப் படிப்பிச்சனான், ஒரு நாளும் இப்பிடி யோசிக்கேல்லை. அந்தப் புலவர்மார் எல்லாரும் திறப்பைத்தான் பாத்தவை. இந்தப் பெட்டைதான் யாளியையும் ஒரு ஆளாப் பாத்தவள். அதுக்குத்தான் அழுதது. சந்தோசத்திலை அழுதது."

"சந்தோசம் எண்டு எங்கை கிடக்கு? கடைசிப் பந்தியிலை 'குளிர்ந்த கண்ணீர்' எண்டெல்லோ இருக்கு?"

"குளிர்ந்த எண்டால் சந்தோசம்தானே ஐசே! மனம் குளிர்ந்தது எண்டு சொல்லுறேல்லையோ?"

"கல்லின்ரை கண்ணீர் குளிராமல் சுடுமே?"

"நீர் பந்தியைச் சரியா வாசிக்கேல்லை!"

"நான் மூண்டு தரம் வாசிச்சன்!"

"நான் நாலு தரம்!"

வெயில் ஏறியது. முந்தநாள் இறக்கிய கற்களுக்குத் தண்ணீர் விடும் நேரம் தவறிக்கொண்டிருந்தது. செந்தூரன் எழுந்து குழாயைப் பிடித்து வரிசை வரிசையாக நனைத்துக்கொண்டே மறுத்துக் கதைத்தான். மாஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை அவன் பின்னால் நகர்ந்து நகர்ந்து இருந்து கதைத்தார். வேட்டிக் கரையில் சேறு ஏறியது. அவர் கவனிக்கவில்லை. செந்தூரன் கண்டும் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம்.

கிறிஸ்துநாயகம் கலவையைக் கொத்துவதை நிறுத்திக் கன நேரமாகிவிட்டது. இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றவன், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான்.

"நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறதிலை எனக்கொரு கோதாரியும் விளங்கேல்லை," என்றான். "அது ஆர் அந்தப் பெட்டை? ஏன் அவளுக்கு மட்டும் குடுத்தது? உந்தப் புத்தகத்தை ஒருக்கால் தாங்கோ பாப்பம், மாஸ்டர்."

சீமெந்து காய்ந்து வெளுத்த கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

மாஸ்டர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தார். செந்தூரனைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார்.

"உதயகலாவுக்குப் பிறகுதான் உம்மடை முறை," என்றார். "முதல் பக்கத்தை மட்டும் இப்ப பாரும். ஆனால் போய்க் கையைக் கழுவிப்போட்டு வாரும்."